மரம் நடுகிறவர்களே, அடுத்த வருடக் கன்றை இப்போதே சொல்லுங்கள்

கம்பெனிகளில் சிஎஸ்ஆர் என்கிற சமூகப் பொறுப்பு வேலையைப் பார்க்கிறவர்களுக்கும், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாளர்களுக்கும், ஊராட்சி பேரூராட்சித் தலைவர்களுக்கும், பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் மரம் நடுகிற எல்லா நல்ல உள்ளங்களுக்கும் வணக்கம்.

சத்தியமங்கலம் பக்கம் நாங்கள் குடும்பமாக ஒரு நாட்டு மரக்கன்று நர்சரி நடத்துகிறோம். கூடவே பூ. பெரும்பகுதி சம்பங்கி, கொஞ்சம் மல்லி. உங்களில் பலர் எங்களிடம் கன்று வாங்கியிருக்கிறீர்கள், அதைவிடப் பலர் போனில் விசாரித்துவிட்டு வேறு எங்கோ வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கேட்கப்போவது ஒன்றுதான்: நாட்டு மரக்கன்று வேண்டுமென்றால் ஒரு வருடம் முன்னால் சொல்லுங்கள், சொல்லும்போதே கொஞ்சம் முன்பணமும் கொடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் மடல் இவ்வளவு நீண்டுவிட்டது.

மே கடைசியில் எங்கள் போன் அடிக்க ஆரம்பிக்கும். "மேடம், ரெண்டாயிரம் கன்னு வேணும், எல்லாம் நாட்டு மரமா இருக்கணும், ஆறடி உயரம் இருக்கணும், வெள்ளிக்கிழமை ஃபங்ஷன்." என்னென்ன மரம் என்று கேட்டால், "நீங்களே பாத்துப் போட்டு விடுங்க." எங்கே நடப்போகிறீர்கள், தண்ணீர் யார் ஊற்றுவது என்று கேட்டால் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. கேட்கிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு மேலிடத்திலிருந்து அப்படித்தான் உத்தரவு வந்திருக்கும். ஆனால் நாட்டு மரக்கன்று எப்படி உண்டாகிறது என்று உத்தரவு போட்டவருக்கு யாராவது ஒருமுறை சொல்ல வேண்டாமா?

விதையிலிருந்து வருகிறேன். நாட்டு மர விதையைப் பெரும்பாலும் மரத்தடிக்குப் போய்த்தான் பொறுக்க வேண்டும், அதுவும் அந்த மரம் உதிர்க்கிற காலத்தில். வேம்பும் நாவலும் இலுப்பையும் எங்கள் பக்கம் ஆனி ஆடியில் பழம் உதிர்க்கும். மூன்றுமே சேமித்து வைக்கத் தோதில்லாத விதைகள். வேப்பம்பழத்தின் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் முளைப்பு மடமடவென்று இறங்கிவிடும். நாவல் கொட்டை காய்ந்தாலே போச்சு, சதை எடுத்த கையோடு பாத்தியில் போட வேண்டும். சரக்கொன்றை இதற்கு நேர் எதிர், ஒரு வருடம் டப்பாவில் போட்டு வைத்தாலும் கெடாது, ஆனால் தோல் அவ்வளவு கெட்டி, வெந்நீரில் ஊறப்போடாமல் விதைத்தால் மாதக்கணக்கில் மண்ணுக்குள் சும்மாவே கிடக்கும். வேங்கைக்கு வட்டமாக இறக்கை வைத்த காய், முளைப்பு எப்போதுமே அரைகுறைதான், போட்டதில் பாதி வந்தால் அந்த வருடம் நல்ல வருடம். கடம்பு விதை தூசிதான், மணலோடு கலந்து தூவிவிட்டுப் புகை மாதிரித் தண்ணீர் தெளிக்க வேண்டும், பலத்த மழை ஒன்று அடித்தால் மொத்தப் பாத்தியும் கரைந்து ஓடிவிடும். சந்தனத்தைத் தனியாக வளர்க்கவே முடியாது, அது பக்கத்துச் செடியின் வேரில் வாய் வைத்துக் குடிக்கிற மரம், கன்று வளர்க்கிற பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே துவரையோ பொன்னாங்கண்ணியோ துணைக்கு வைக்காவிட்டால் வெளுத்துப்போய் நின்றுவிடும்.

எந்த மரத்தில் எப்போது விதை எடுப்பது என்பது எங்கள் வீட்டில் அத்தையின் இலாகா. எந்தக் கோயில் தோப்பில் இலுப்பை நன்றாகப் பிடித்திருக்கிறது, ரோடு விரிவாக்கத்தில் தப்பித்த புளியமரத்துக்குப் பக்கத்தில் எந்த வேம்பு நிற்கிறது, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. ஒரே மரத்தடியில் மூட்டையாக அள்ளிக்கொண்டு வந்தால் வேலை சுலபமாக முடியும், ஆனால் கன்றெல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகளாகிவிடும், ஒரு நோய் வந்தால் எல்லாமே சேர்ந்து விழும். அதனால் பத்து மரத்தடியில் குனிந்து பொறுக்குகிறோம்.

விதை முளைத்த பிறகு தாய்ப்பாத்தியிலிருந்து எடுத்துக் கவரில் வைப்பது, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலப்பது, நிழல்வலை, தண்ணீர், களை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதடவை எல்லாக் கவரையும் தூக்கி இடம் மாற்றி அடுக்க வேண்டும், இல்லையென்றால் வேர் கவரைக் கிழித்துத் தரைக்குள் போய்விடும். மயில் வேறு, முளை தலைகாட்டியதும் வந்து வரிசையாகக் கொத்திவிட்டுப் போகும், தேசியப் பறவை என்பதால் சத்தம் போட்டு விரட்டுவதோடு நம் அதிகாரம் முடிந்தது. இப்படியெல்லாம் பார்த்தால், ஆடியில் விதைத்த இலுப்பை அடுத்த ஆடியில் ஒன்றரை அடி நிற்கும். வெள்ளிக்கிழமைக்குள் எந்த மந்திரத்தைப் போட்டு அதை ஆறடி ஆக்குவது?

இந்த ஒரு வருடச் செலவும் எங்கள் கையிலிருந்து போகிறது. எங்கிருந்து வருகிறது என்றால் பூவிலிருந்து. உள்ளதைச் சொன்னால் நர்சரிக்குச் சோறு போடுவதே சம்பங்கிதான். கிழங்கு நட்டு நாலைந்து மாதத்தில் பூக்க ஆரம்பித்தால் இரண்டு மூன்று வருடம் தோட்டத்தை வைத்துக்கொள்ளலாம். சிங்கிள் ரகத்தை விடிவதற்கு முன்னால் மொட்டாகப் பறித்து ஏலத்துக்குக் கிலோக் கணக்கில் அனுப்புகிறோம். டபுள் ரகத்தைத் தண்டோடு அறுத்து, கீழே இரண்டு மூன்று பூ மட்டும் விரிந்திருக்கிற பதத்தில், கட்டுக் கட்டித் தண்ணீரில் நிறுத்தி, கோவை பெங்களூர் பூங்கொத்துக் கடைகளுக்கு அனுப்புகிறோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கிலோ 200 ரூபாயைத் தாண்டுகிற அதே சம்பங்கி, முகூர்த்தம் இல்லாத வாரத்தில் 10, 20 ரூபாய்க்கு இறங்கும், பறித்த கூலி கூடத் தேறாது. பறிக்காமலும் விட முடியாது, விட்டால் தண்டு முற்றி அடுத்த பூ குறையும்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடி வெள்ளிக்கும் பதினெட்டுக்கும் விலை ஒரு துள்ளு துள்ளும், அப்புறம் படுத்துவிடும். விதை விழுகிற மாதமும் அதுதான். பொறுக்குகிறவர்களுக்குக் கூலி, கவர் நிரப்ப ஆள், செம்மண் லோடு, தொழுவுரம் என்று வருடத்தின் பெரிய செலவெல்லாம், பூவில் காசு வராத அந்த நாட்களில் வந்து நிற்கிறது. கையில் இருப்பதைக் கொண்டு எத்தனை கவர் நிரப்ப முடிகிறதோ அத்தனை கன்றுதான் அடுத்த வருடம் எங்களிடம் இருக்கும், அதற்கு மேல் ஒன்று கூட வராது. அந்த நேரத்தில் நீங்கள் கொடுக்கிற முன்பணம் ஒரு ரூபாய், அடுத்த ஜூனில் பேரம் பேசிக் கொடுக்கிற மூன்று ரூபாயைவிட எங்களுக்குப் பெரிது.

முன்கூட்டிச் சொல்லாததால் நடப்பது என்னவென்று நீங்களே பார்த்திருப்பீர்கள். கடைசி வாரத்தில் ஆயிரக்கணக்கில் கிடைப்பது எதுவோ அதுதான் லாரியில் ஏறும். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொகர், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சியும் மகாகனியும், வெட்டுத்துண்டு வைத்தாலே கிடுகிடுவென்று வளர்கிற கொனோகார்பஸ். இந்தக் கடைசி ஆசாமியை ஊர் ஊராகச் சாலை நடுவிலும் கம்பெனி சுற்றுச்சுவர் ஓரத்திலும் நட்டார்கள். 2023-ல் குஜராத் தடை போட்டது, பிறகு தமிழ்நாட்டிலும் தடை வந்தது. நட்டதற்கும் செலவு, பிடுங்குவதற்கும் செலவு. எங்கள் மலைக்காட்டில் இதைவிடப் பெரிய கதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்கிற வெளிநாட்டு மஞ்சள் கொன்றை, யாரோ அழகுக்கும் நிழலுக்கும் கொண்டுவந்து நட்டது, முதுமலையிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்திலும் பரவி அடியில் புல் முளைக்கவிடாமல் செய்கிறது. இப்போது அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். உன்னிச்செடியும் அப்படித் தோட்டத்துக்கு வந்து காட்டுக்குள் போனதுதான்.

"நாட்டு மரம் நாட்டு மரம் என்கிறீர்களே, நீங்கள் விற்கிற சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்தது இல்லையா" என்று ஒருவர் மடக்கினார். வந்ததுதான், செண்டுமல்லியும் அங்கிருந்துதான். சம்பங்கிக் கிழங்கை நாம் நட்டால்தான் உண்டு, வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடாது, ஒரு யானையின் மேய்ச்சலையும் பறிக்காது. வெளியிலிருந்து வந்த எல்லாவற்றையும் விரட்டு என்று நான் சொல்லவில்லை. மிளகாயே வெளியிலிருந்து வந்ததுதான், அதற்காக ரசத்தை விட்டுவிடுவோமா. காட்டுக்கும் பொது இடத்துக்கும் ஐம்பது வருடம் நூறு வருடம் நிற்கப் போகிற மரத்தை நடும்போது மட்டும் கொஞ்சம் யோசியுங்கள் என்கிறேன்.

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 பற்றியும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள் அது. ஸ்டாக்ஹோமில் ஜூன் மாதம் எப்படியோ தெரியாது, கொங்குச் சமவெளியில் அது காற்றடித்துக் கன்றை உலர்த்துகிற மாதம். அடுத்தது ஜூலை முதல் வாரத்து வன மகோத்சவம், 1950-ல் அன்றைய மத்திய அமைச்சர் கே.எம்.முன்ஷி தொடங்கியது, தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்கிற ஊர்களுக்குச் சரியான நாள். தமிழ்நாட்டின் வருட மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது. வால்பாறை, நீலகிரியின் மேற்குப் பக்கம், தென்காசி, கன்னியாகுமரிக்காரர்கள் ஜூனில் நடட்டும், நல்லதுதான். மற்றவர்கள் ஜூனில் நட்டால் நான்கு மாதம் லாரித் தண்ணீர் ஊற்ற வேண்டும், யாரும் ஊற்றுவதில்லை, அடுத்த ஜூனில் அதே குழியில் அடுத்த கன்று. ஒரே குழியில் திரும்பத் திரும்ப விழா நடந்த ஊர்களை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். புரட்டாசிக் கடைசியில், முதல் மழையில் மண் நனைந்த பிறகு நடுங்கள். ஜூன் 5 அன்று ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் அன்றைக்கு எங்கள் நர்சரிக்கு மாணவர்களைக் கூட்டி வந்து கவர் நிரப்பச் சொல்லுங்கள். போட்டோவும் நன்றாக வரும்.

கம்பெனிக்காரர்களுக்குத் தனியாக ஒரு மாதம் இருக்கிறது, மார்ச். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும், கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது, அதனால் பங்குனி வெயிலில் கன்று கேட்டு வருகிறார்கள். பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்கிற அவசரம் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறதே. பல வருடத் திட்டமாக எடுத்துக்கொண்டால், செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம், 2021 முதல் விதியே அப்படித்தான் இருக்கிறது. உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். முதல் வருடம் கன்றுக்கு முன்பணம், இரண்டாம் வருடம் குழியும் நடவும், அப்புறம் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் காவலும். திட்டம் என்றால் அதுதான், ஒருநாள் மண்வெட்டியோடு நின்று சிரிப்பதைத் திட்டம் என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

ஆறடி என்கிற பேச்சையும் விட்டுவிடுங்கள். சின்னக் கவரில் ஆறடிக்கு வளர்ந்து நிற்கிற கன்றின் வேர் உள்ளே சுருண்டு சுருண்டு கயிறாக முறுக்கிக்கொண்டிருக்கும், மண்ணில் வைத்தாலும் அந்தச் சுருள் அவிழாது, மேலே இலை நன்றாகத்தான் இருக்கும், பெருங்காற்று ஒன்று வந்தால் வேரோடு சாயும். ஒன்றரை இரண்டு அடிக் கன்று, அடித்தண்டு பருமனாக, வேர் நேராக இருந்தால் ஒரே மழைக்காலத்தில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது உயரத்தை டேப் வைத்து அளப்பதற்குப் பதில் ஏதாவது ஒரு கவரைக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். கிழிக்கத் தயங்குகிற நர்சரியில் வாங்காதீர்கள், அது எங்கள் நர்சரியாக இருந்தாலும்.

இடத்தைப் பார்த்து மரம் கேளுங்கள். நீர்மருது மோயாற்றங்கரையிலும் பவானிக் கரையிலும் நிற்கிற மரம், அதைக் கல்லாங்காட்டில் நட்டுவிட்டு வளரவில்லை என்றால் அது என்ன செய்யும். மேட்டு நிலத்துக்கு உசில், வெப்பாலை, வன்னி, வெள்வேல் இருக்கின்றன. மியாவாக்கி காடு வைக்க வேண்டும் என்று வருகிறவர்கள் சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று என்கிற கணக்கை மட்டும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த முறையை உருவாக்கிய ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி சொன்னதில் நெருக்கி நடுவது ஒரு பாதிதான், மறுபாதி அந்த மண்ணுக்கே உரிய வகைகளை நடுவது, அந்தப் பாதி எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. இன்னொன்று, புதர்ச்செடியை ஒருவரும் கேட்பதில்லை. ஆவாரை, நொச்சி, காரை, சூரை எல்லாம் கணக்கில் "மரம்" என்று வராதாம். குருவிக்கும் தேனீக்கும் பாதி வாழ்க்கை அந்தப் புதரில்தான் நடக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு மேடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் பூக்காரர்களும்கூட. மரம் நடுவிழா மேடையில் பிளாஸ்டிக் பூவில் தோரணம் கட்டியிருக்கிறது, சிறப்பு விருந்தினருக்குப் பளபளக்கிற தாளில் சுற்றிய பூங்கொத்து கொடுக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தில் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூ இல்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. டபுள் சம்பங்கி நாலு கட்டு, நடுவில் மரிக்கொழுந்து, ஓரத்தில் கனகாம்பரம், மேடை மணக்கும், மறுநாள் உரக்குழிக்குப் போய்விடும். மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் இந்த மண்ணின் செடிகள் என்பது கூடுதல் லாபம்.

செங்காந்தள் மேல் எனக்குத் தனியாக ஒரு ஆசை இருக்கிறது. மாநில மலர் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். வெளிநாட்டுப் பூச்சந்தைகளில் குளோரியோசா என்ற பெயரில் கொய்மலராக நல்ல விலைக்குப் போகிற பூ அது. இங்கே மூலனூர், தாராபுரம் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் போடுகிறார்கள், பூவுக்காக அல்ல, மருந்துக்குப் போகிற விதைக்காக, கண்வலிக்கிழங்கு என்றுதான் விவசாயிகளுக்கு அது தெரியும். கிழங்கு முதல் விதை வரை முழுக்க விஷம், எனவே தலையில் சூடவோ சாப்பாட்டு மேசையில் வைக்கவோ சொல்லவில்லை, மேடைத் தூணில் ஏற்றிக் கட்டினால் என்ன குறைச்சல்? ஒரு அரசு விழாவில் கூட மாநில மலரை நான் மேடையில் பார்த்ததில்லை. யாராவது கேட்டால் வரப்போரம் பந்தல் போட்டு வளர்த்துத் தரத் தயார், அதற்கும் ஒரு பருவம் முன்னால் சொல்ல வேண்டும், கிழங்கு மழைக்காலத்தில்தான் கண் விடும்.

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியபோது, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 24 சதவீதத்துக்குள் இருப்பதிலிருந்து 33-க்குக் கொண்டுபோவது இலக்கு என்றார்கள். அதற்கு வேண்டிய கன்று அரசு நாற்றங்காலில் மட்டும் வந்துவிடாது, எங்களைப் போன்ற வீட்டு நர்சரிகளும் வேண்டும். எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் மாவட்டத்தில், உங்கள் மண்ணில் விதை பொறுக்குகிற ஒரு நர்சரியைத் தேடிப் பிடியுங்கள், திருநெல்வேலியில் நடுவதற்கு ஈரோட்டிலிருந்து லாரி பிடிக்க வேண்டாம்.

எங்கள் முறை இது. ஆனி முடிவதற்குள் நடப்போகிற இடத்தையும் அளவையும் சொல்லுங்கள், பக்கமாக இருந்தால் வந்து பார்த்துவிட்டு என்னென்ன வகை, எத்தனை என்று எழுதித் தருகிறோம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி அடுத்த வருடம் புரட்டாசியில் கன்று ஏற்றும்போது. ஏதாவது ஒரு வகை முளைக்காமல் போனால் அதற்குரிய பணத்தைத் திருப்பித் தருவோம், அல்லது நீங்கள் சம்மதித்தால் வேறு நாட்டு வகை, சொல்லாமல் மாற்றி ஏற்றமாட்டோம். நடுவில் எப்போது வேண்டுமானாலும் வந்து உங்கள் பாத்தியைப் பார்த்துக்கொள்ளலாம். பேசவேண்டியவர்கள் தயவுசெய்து காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் பூவிலும் ஏலத்திலும் இருப்போம், போன் எடுக்கக் கை இருக்காது.